அடுப்பிலிருந்து ஏட்டிற்கு



வானொலியில் வந்த சொல் வயலில் விளைந்து, உலையில் ஏறிச் சோறாகிய வரலாறு ஒன்று நம் பகுதிக்கு உண்டு. 1939-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம், 1960-களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல் வகையைப் பற்றி உழவர்களுக்கு எடுத்துரைத்தது. கேட்டவர்கள் பயிரிட்டார்கள், பயிரிட்டவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டு வழங்கினார்கள். சொல் சோறான கதை அது. சோறு சொல்லாவது எப்படி என்பதே இன்று நான் உங்களோடு பேச வந்த பொருள். சமைப்பதை எழுதுவது எவ்வாறு, அவ்வெழுத்தைப் பயில்வது எவ்வாறு, தனியே இருந்து பயிலலாகுமா, கூடியிருந்து பயில வேண்டுமா என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

சமையலை எழுதுவதில் என்ன அருமை இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினேன். அந்த எண்ணம் மாறிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் படிப்பை முடித்து வேலையின் பொருட்டு வெளியூரில் தனியே தங்கியிருந்த நாட்களில், வீட்டு உணவின் மீது பெரும் ஏக்கம் கொண்டேன். அரியலூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் தமக்கையார் வரகரிசிச் சோறு ஆக்குவதில் வல்லவர். வரகரிசி கொஞ்சம் அனுப்பி, ஆக்கும் முறையையும் எழுதியனுப்புமாறு அவருக்குக் கடிதம் எழுதினேன். அரிசியும் வந்தது, கடிதமும் வந்தது. "தம்பி, அரிசியை நன்றாகக் களைந்துகொள். தண்ணீர் திட்டமாக வை. பதமாக வெந்ததும் இறக்கிவிடு" என்று மூன்றே வரிகள். அவ்வண்ணமே செய்தேன். பானையில் இருந்தது சோறன்று, கூழ். சிறிது சினத்தோடு பதில் எழுதினேன். "திட்டம் என்றால் எவ்வளவு? பதம் என்றால் எது? இவை இரண்டும் தெரிந்தால் நான் உங்களைக் கேட்டிருப்பேனா?"

இரண்டாம் கடிதம் வந்தது. அதில் தண்ணீரின் அளவு இருந்தது. ஆனால் ஊறவைக்க வேண்டும் என்பது இல்லை. அடியில் பிடித்தது, நடுவில் வேகவில்லை. மீண்டும் எழுதினேன். மூன்றாம் கடிதம் நான்கு பக்கம் வந்தது. 1 ஆழாக்கு அரிசிக்கு 2½ ஆழாக்கு நீர். அரை மணி நேரம் ஊறல். நீர் கொதித்த பின்னரே அரிசியிடல். நீர் வற்றி அரிசியின் மேல் சிறு சிறு குழிகள் தோன்றும்போது தணலைக் குறைத்து மூடிவைத்தல். இறக்கிய உடனே கிளறாமல் சற்று ஆறவிடுதல். இவ்வளவும் முறையாக எழுதப்பெற்றிருந்தன. இறுதியில் அவர் எழுதிய ஒரு வரி என் மனத்தில் இன்றும் நிற்கிறது. "முப்பது ஆண்டுகளாக என் கை அறிந்ததை இன்றுதான் நான் அறிந்தேன், உனக்காக ஆழாக்கை எடுத்து அளந்து பார்த்தேன்."

அன்பர்களே, அந்த வரியில் இன்றைய பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. கைக்குத் தெரிந்ததை அறிவுக்குத் தெரியச் செய்வதே உணவெழுத்து. எழுதுகிறவருக்கு அதனைக் கற்பிப்பவர், 'எனக்கு வரவில்லையே' என்று திரும்பி எழுதும் ஒருவர். என் தமக்கையாரை எழுத்தாளராக்கியது என்னுடைய கூழ்ப்பானை என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி, நம் முன்னோர் உணவை எவ்வாறு எழுதினார்கள் என்பதைப் பார்ப்போம். அதற்கு நாம் அரியலூரை விட்டு நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. முதலாம் இராசேந்திரன் தலைநகராக அமைத்த கங்கைகொண்ட சோழபுரம் இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுகளைப் படித்தவர்கள், அவற்றில் இறைவனுக்குப் படைக்கும் உணவின் அளவுகள் எத்துணை நுட்பமாகக் குறிக்கப்பெற்றுள்ளன என்பதை அறிவார்கள். அரிசி இவ்வளவு நாழி, பருப்பமுது இவ்வளவு, நெய்யமுது இவ்வளவு, தயிரமுது இவ்வளவு, கறியமுது இவ்வளவு என்று வகுத்துச் செல்லும் அவ்வெழுத்துகள். 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 நாழி. 8 நாழி 1 குறுணி. 2 குறுணி 1 பதக்கு. 2 பதக்கு 1 தூணி. 3 தூணி 1 கலம் என்ற வாய்பாட்டை நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்தார்கள். அளவிலே நாம் குறைந்தவர்கள் அல்லர்.

ஆயினும் அக்கல்வெட்டுகளை வைத்துக்கொண்டு ஒரு கறியமுதைச் சமைத்துவிட முடியுமா? முடியாது. பொருளின் அளவு கல்லில் இருக்கிறது. செய்யும் முறை மடைப்பள்ளிக்காரரின் கையில் இருந்தது. கல் நின்றது, கை மறைந்தது.

மற்றொரு வகை எழுத்தும் நம்மிடம் உண்டு. ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடல் ஒன்றில், புல்வேளூர்ப் பூதன் என்பவன் அவருக்கு இட்ட விருந்து பேசப்படுகிறது. வரகரிசிச் சோறும், வாட்டிய கத்தரிக்காயும், நுரைத்துப் புளித்த மோரும் அவ்விருந்து. அந்த எளிய உணவிற்கு உலகம் முழுவதுமே ஈடு என்று அவர் மகிழ்ந்து பாடுகிறார். உண்டது இன்னது, அதனோடு சேர்ந்தது இன்னது, அதன் சுவை இத்தகையது, இட்டவன் இன்ன ஊரில் இன்னான் என்னும் நான்கும் அப்பாடலில் இருக்கின்றன. இட்டவன் பெயரை மறவாமல் குறித்தமையால், எத்தனையோ செல்வர்களின் பெயர் மறைந்த பின்னும் பூதன் பெயர் நிலைத்தது. ஆனால் அங்கே அளவு இல்லை, முறை இல்லை. பாட்டுக்கு அவை வேண்டுவதும் இல்லை.

கல்வெட்டு அளவைத் தந்தது. பாட்டு சுவையையும் மனிதரையும் தந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே விடுபட்டு நிற்கும் முறையையும் பதத்தையும் சேர்த்து எழுதும்போதே சமையல் நூல் பிறக்கிறது.

பதம் என்ற சொல்லை இங்கே சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அடுப்படியில் மிகுதியாக வழங்குவதும், எழுதுவதற்கு மிகக் கடினமானதும் இச்சொல்லே. அதிரசத்துக்கு வெல்லப் பாகு காய்ச்சுகிறார்கள். நேரத்தைச் சொன்னால் பயனில்லை; அடுப்புக்கு அடுப்பு வேறுபடும். ஆகவே அனுபவம் உடையவர்கள், 'ஒரு துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார். கரையாமல் மெத்தென்று உருண்டு வந்தால் அதுவே பதம்' என்பார்கள். பாகு இளகியிருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், முற்றிவிட்டால் கல்லாகும். விரலும் கண்ணும் காதும் மூக்கும் அறியும் அடையாளத்தைச் சொல்லில் வடிப்பதே பதத்தை எழுதுவது. 'எலுமிச்சங்காய் அளவு புளி' என்பதும் அத்தகைய நல்ல எழுத்தே. கேட்பவர் கண்ணாற் கண்ட பொருளைக் கொண்டு காணாத பொருளை அளந்து காட்டுகிறது அன்றோ?

இந்தக் கலையை நம் சங்கப் புலவர்கள் அறிந்திருந்தார்கள். பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு பாணனை வழிநடத்திச் செல்கிறார். வேட்டுவர் குடியிலே என்ன உணவு கிடைக்கும், ஆயர் குடியிலே என்ன கிடைக்கும், உழவர் மனையில் என்ன, கடற்கரையில் என்ன என்று நிலந்தோறும் சொல்லிக்கொண்டே போகிறார். முல்லை நிலத்து உணவைச் சொல்லுமிடத்தில் வரகுச் சோறு வருகிறது. அந்தச் சோற்றைப் பூளைப் பூவுக்கும், அதனோடு இட்ட அவரைப் பருப்பின் புழுக்கை வேங்கைப் பூவுக்கும் அவர் ஒப்பிடுகிறார். என் தமக்கையாரின் முதற்கடிதம் வந்த காலத்தில் நான் அப்பகுதியைப் படித்திருந்தால், பானையில் இருப்பது பிழையென்று அடுப்பிலிருந்து இறக்குமுன்னரே அறிந்திருப்பேன். பூளைப் பூப்போல் சிறிதாய், வெண்மையாய், ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பதே வரகுச் சோற்றின் பதம். அதைப் புலவர் 2000 ஆண்டுகளுக்கு அண்மையான பழமையிலிருந்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பத்துப்பாட்டை 1889-ஆம் ஆண்டில் அச்சேற்றி நமக்கு அளித்தவர் டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர் இளமையில் அரியலூரில் சடகோப ஐயங்காரிடம் தமிழ் பயின்றவர். பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்திலும் வாழ்ந்து கற்றவர். அழிந்துகொண்டிருந்த ஏடுகளை ஊர் ஊராகத் தேடி எடுத்தவரின் தமிழ்க் கல்வி நம் மண்ணிலே தொடங்கியது. ஓலைச் சுவடியைச் செல்லும் தீயும் தின்றன. சமையலறையிலோ சுவடியே இல்லை. ஒரு மூதாட்டியார் மறையும்போது அவரோடு ஒரு நூலகம் மறைகிறது. அதற்கு ஓர் ஏட்டுப் பிரதிகூட மிஞ்சுவதில்லை.

அவ்வாறு மறைந்துபோகாமல் தம் கையறிவை ஏட்டிலேற்றிய ஓர் அம்மையாரை இங்கே நினைவுகூர வேண்டும். அவர் எஸ். மீனாட்சி அம்மாள். 1905-ஆம் ஆண்டு பிறந்த அவர் இளமையிலேயே கணவரை இழந்தவர். குடும்பத்தின் பொறுப்பை ஏற்று நடத்திய அவருடைய சமையல் திறத்தை அறிந்த உறவினரும் நண்பரும், அது எப்படி, இது எப்படி என்று ஓயாது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்டவர்க்கெல்லாம் அவர் விளக்கிச் சொல்லிவந்தார். இவற்றை ஒரு நூலாகவே எழுதிவிடலாமே என்று ஊக்கமளித்தவர் அவருடைய உறவினராகிய கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். 'சமைத்துப் பார்' என்ற அந்நூல் 1951-ஆம் ஆண்டு வெளிவந்தது. பின்னர் அடுத்த பாகங்களும் வந்தன; ஆங்கிலம் முதலிய பிற மொழிகளிலும் அது பரவிற்று. அம்மையார் 1962-இல் மறைந்தார். நூல் இன்றும் விற்பனையாகிறது. மணமாகி வேற்றூருக்கும் வேற்றுநாட்டுக்கும் சென்ற பெண்களின் பெட்டியில் அது இடம்பெற்றது.

அந்நூலின் பெயரைக் கவனியுங்கள். 'படித்துப் பார்' என்று அவர் சொல்லவில்லை. 'சமைத்துப் பார்' என்றார். நான் எழுதியது சரியா என்பதை உன் அடுப்பிலே சோதித்துக்கொள் என்று தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்ட துணிவு அது. அந்தத் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? நூல் எழுதுவதற்கு முன்பே பல ஆண்டுகள் பலருக்குச் சொல்லிச் சொல்லி, அவர்களுடைய கேள்விகளுக்கு விடை கூறிக் கூறி, எந்த இடத்தில் புதியவர்கள் இடறுவார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே நான் கருதுகிறேன். கேட்டவர்கள் கூட்டமே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

இங்கிலாந்திலும் இதற்கு இணையான ஒரு வரலாறு உண்டு. எலைசா ஆக்டன் என்னும் பெண்மணி 1826-இல் கவிதை நூல் வெளியிட்டவர். 1845-இல் அவர் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். அதற்கு முன்னிருந்த நூல்களில் பொருள்களும் முறையும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. அவரோ ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் பொருள்களின் அளவையும் சமைக்கும் நேரத்தையும் தனியே தொகுத்துத் தந்தார். சோதித்துப் பார்த்த குறிப்புகளையே எழுதியதாகவும் அறிவித்தார். இன்று உலகெங்கும் வரும் சமையல் நூல்களின் அமைப்புக்கு அவர் வழிகாட்டி எனலாம். கவிதை எழுதிய கை குழம்பை எழுதுவதற்கு நாணவில்லை என்பதை மொழி பயிலும் மாணவர்கள் மறத்தலாகாது.

இப்போது நம் ஊர்களுக்கு வருவோம். 'சமைத்துப் பார்' ஒரு வகையான இல்லத்தின், மரக்கறி உணவின் நூல். அதனைச் செம்மையாகச் செய்தது அதன் பெருமை. ஆனால் 1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்த பெரம்பலூரிலும், 2007-இல் மீண்டும் தனி மாவட்டமாகிய அரியலூரிலும் எத்தனை வகையான அடுப்புகள் எரிகின்றன! புன்செய் உழவரின் அடுப்பு வேறு. கொள்ளிடக் கரையில் நெல் விளைவிப்போரின் அடுப்பு வேறு. செந்துறை, ஆண்டிமடம், செயங்கொண்டம் பக்கத்தில் முந்திரித் தோப்புகளில் உழைப்போரின் அடுப்பு வேறு. ஆடு மேய்ப்போர், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் சிமெண்டு ஆலைகளிலும் வேலை செய்வோர் ஆகியோரின் வீடுகள் வேறு. கம்பங்கூழும் களியும், கருவாட்டுக் குழம்பும், மழை நாளில் பறித்த கீரையும் இவர்களுடைய உணவு. இவற்றில் எத்தனை ஏட்டில் ஏறியிருக்கின்றன? பாணனை எல்லா மனைகளுக்கும் அழைத்துச் சென்றார் உருத்திரங்கண்ணனார். நம்முடைய அச்சு நூல்கள் இன்னும் எல்லா மனைகளுக்கும் செல்லவில்லை.

இன்று பெரம்பலூர் வட்டாரம் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பெயர் பெற்றது. வரகு விளைந்த நிலங்கள் பல வேறு பயிருக்கு மாறிவிட்டன. 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த பின்னர், வரகை மீண்டும் பலர் கடைகளில் கேட்கிறார்கள். தானியம் திரும்பி வருகிறது; அதனோடு அதன் அறிவும் திரும்பி வருகிறதா? இங்கேதான் இழப்பின் அளவு நமக்குத் தெரிய வேண்டும். வரகுக்குப் பல அடுக்கு உமி உண்டு. மண் திரிகையில் இட்டு அதனை நீக்கிய மகளிர், நன்கு காய்ந்த தானியம் எது, ஈரம் பட்டது எது என்பதைக் கையிலெடுத்த அளவிலேயே அறிந்தார்கள். ஈரத்தில் பூஞ்சை பிடித்த வரகு நஞ்சாகும். 2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், மத்தியப் பிரதேசத்துப் பாந்தவ்கட் காட்டில் பூஞ்சை பிடித்த வரகுப் பயிரைத் தின்று 10 காட்டு யானைகள் மாண்டன. ஆகவே 'வரகரிசி 1 ஆழாக்கு' என்று எழுதுவதோடு எழுத்தாளர் கடமை முடிவதில்லை. மழையில் நனைந்ததை ஒதுக்குக, வெயிலில் உலர்த்துக, உமி முற்றும் நீங்கியதா என்று பார்க்க, ஈரமில்லாத இடத்தில் வைக்க என்னும் வரிகளும் வேண்டும். எழுதாமல் விட்ட ஒரு வரி சுவையை மட்டுமே கெடுக்கும் என்று எண்ணாதீர்கள், உயிரையும் தொடலாம்.

இதனை எவ்வாறு பயில்வது? தனியே மேசையில் அமர்ந்து எழுதினால் என் தமக்கையாரின் முதற்கடிதமே வரும். ஐவரோ அறுவரோ சேர்ந்து ஒரு சிறு குழுவாகுங்கள். ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ தெருவிலோ உள்ள பெரியவர் ஒருவரின் உணவு ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். அவர் சமைக்கும்போது அருகிலிருந்து பாருங்கள். 'எவ்வளவு உப்பு இடுவீர்கள்?' என்று கேட்டால் 'ஒரு கை' என்பார். வாதாடாதீர்கள். உப்புச் சாடியைச் சமையலுக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் நிறுத்துப் பாருங்கள்; குறைந்தது எவ்வளவோ அவ்வளவே அவர் இட்டது. நீரையும் அரிசியையும் அளந்து வைத்துவிட்டு, மிஞ்சியதை அளந்து கழியுங்கள். அவர் கையைத் தடுக்காமல் அளவைக் கண்டுகொள்ளும் வழி இது.

பிறகு எழுதுங்கள். எழுதியதைக் குழுவில், அந்த உணவை ஒருபோதும் ஆக்கியறியாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் உங்கள் தாளை மட்டும் பார்த்துச் சமைக்கட்டும். நீங்கள் அருகில் நிற்கலாம். வாய் திறத்தல் கூடாது. அவர் எந்த வரியில் தயங்கி நிற்கிறாரோ, அந்த வரியில் குறியிட்டுக்கொள்ளுங்கள். அவர் செய்த பிழை அவருடையதன்று, உங்கள் தாளினுடையது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சின்ன வெங்காயம் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் நம் வீடுகளில் தாளிப்பு வடகம் இடுவார்கள். ஒரு மாணவி, 'வெங்காயத்தை நறுக்கி, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், பூண்டு, மஞ்சள், உப்புச் சேர்த்து உருட்டிக் காயவைக்கவும்' என்று எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். குழுவிலுள்ளவர்கள் கேட்கத் தொடங்குவார்கள். எத்தனை நாள் காய வேண்டும்? இரவில் வெளியில் விடலாமா? விளக்கெண்ணெயை எப்போது சேர்ப்பது? காய்ந்துவிட்டது என்று எதனால் அறிவது? அவள் மீண்டும் பாட்டியிடம் போவாள். பகலில் வெயிலில் பரப்பி, மாலையில் எடுத்துப் பிசைந்து உருட்டி, மறுநாள் மீண்டும் வெயிலுக்கு அனுப்ப வேண்டும் என்பது தெரியவரும். உருண்டையை உடைத்தால் உள்ளே ஈரம் தோன்றலாகாது. தட்டிலிட்டு அசைத்தால் கலகலவென்று ஒலிக்க வேண்டும் என்பது தெரியவரும். அடுத்த வீட்டில் வேறு முறை இருக்கும்; அதையும் குறித்துவைக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் ஒரு வரியாகும். வரிகள் சேர்ந்து ஒரு குறிப்பாகும். குறிப்புகள் சேர்ந்து ஒரு நூலாகும்.

இத்தகைய குழுவுக்கு இரண்டு ஒழுக்கங்கள் வேண்டும். முதலாவது, குறை சொல்லும் முறை. 'நன்றாக இல்லை' என்ற சொல் எவருக்கும் உதவாது. எழுதத் தொடங்கியவர் பேனாவை வைத்துவிடுவார். 'மூன்றாம் வரியில் எனக்குத் திகைப்பு உண்டாயிற்று. பாத்திரத்தை மூடுவதா திறந்துவைப்பதா என்று தெரியவில்லை' என்று சொல்லுங்கள். அது அன்பு, அதுவே திருத்தமும் ஆகும். இரண்டாவது, நன்றி மறவாமை. எந்த ஊரில் எவரிடம் கற்றீர்களோ, அவர் இசைவு பெற்று அவர் பெயரை எழுதுங்கள். பூதனின் பெயரை ஔவையார் எழுதினார். நம் வீட்டுப் பெண்மணிகள் வாழ்நாளெல்லாம் சோறிட்டும் அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாமற் போவது முறையாகுமா? பிறர் நூலில் உள்ள வாக்கியங்களை எடுத்துத் தமதென்று எழுதுவதும் கூடாது. கண்டதை உங்கள் சொல்லில் எழுதுங்கள்.

சொல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்று, சதுரகராதி தொகுத்த வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி இன்று அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வேற்றுநாட்டவர் ஒருவர் நம் சொற்களை அத்துணை ஆர்வத்தோடு திரட்டினார் என்றால், நம் அடுப்படிச் சொற்களை நாம் திரட்ட வேண்டாமா? வாட்டுதல், வதக்குதல், வறுத்தல், பொரித்தல், அவித்தல், வடித்தல், துழாவுதல், கிண்டுதல், மசித்தல், கடைதல், தாளித்தல் என எத்தனை வினைகள்! ஒவ்வொன்றும் வெவ்வேறு செயல். 'வதக்கு' என்னுமிடத்தில் 'வறு' என்று எழுதினால் உணவே வேறாகிவிடும். சமையல் எழுதுவது மொழிப்பயிற்சியும் ஆகும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இவ்வளவும் வயிற்றுக்காகத்தானே என்று எவரேனும் இகழ்ந்தால், அவர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது, இன்றைய செக் நாட்டிலுள்ள தெரேசின் என்னும் ஊரில் நாசிகள் யூத மக்களைச் சிறைப்படுத்தி வைத்திருந்தார்கள். பசியால் வாடிய அந்தச் சிறையில் பெண்கள் சிலர் கூடி, தங்கள் வீட்டு உணவுகளின் செய்முறைகளை ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி எழுதிவைத்தார்கள். 'வாயால் சமைப்பது' என்று அதனைக் குறிப்பிட்டார்கள். அவர்களுள் ஒருவரான மினா பாச்டர் 1944-இல் அங்கேயே உயிர் நீத்தார். இறக்குமுன் தம் மகளிடம் சேர்ப்பிக்குமாறு அவர் ஒருவரிடம் கொடுத்த கையெழுத்துத் தாள்கள் பல கைகள் மாறி, 1969-இல் நியூயார்க்கில் இருந்த அம்மகளை அடைந்தன. 1996-இல் நூலாக வெளிவந்தன. உண்ண ஒரு பிடியும் இல்லாத இடத்தில் அவர்கள் எழுதியது நாவின் பொருட்டன்று. நாங்கள் இத்தகைய வீடுகளில் வாழ்ந்தோம், இத்தகைய மேசைகளில் ஒன்றாக அமர்ந்தோம் என்பதை அழியாமற் காக்கவே எழுதினார்கள். அவர்களும் தனித்து எழுதவில்லை, கூடியே எழுதினார்கள்.

நமக்குச் சிறையில்லை, பசியில்லை, கேட்பதற்குப் பெரியவர்கள் இன்னும் வீட்டில் இருக்கிறார்கள். ஆனால் காலம் மட்டும் நமக்காகக் காத்திருப்பதில்லை. என் தமக்கையார் இன்று இல்லை. அவர் வரகரிசிச் சோற்றின் முறை என்னிடம் இருக்கிறது. அவருடைய கருவாட்டுக் குழம்பின் முறை இல்லை. அதனை நான் கேட்கவில்லை. இன்னொரு முறை ஊருக்குப் போகும்போது கேட்கலாம் என்றிருந்தேன்.

ஆகவே, மாணவ நண்பர்களே, வரும் விடுமுறைவரை காத்திராதீர்கள். இன்றிரவே உங்கள் தாயாரிடமோ பாட்டியாரிடமோ ஒரே ஓர் உணவைப் பற்றிக் கேளுங்கள். அவர் 'திட்டமாக' என்பார். எவ்வளவு என்று கேளுங்கள். 'பதமாக' என்பார், எப்படித் தெரியும் என்று கேளுங்கள். அவர் சிரிப்பார், சற்றே எண்ணிப் பார்ப்பார், பிறகு அளந்து காட்டுவார். அதை எழுதி நாளைக்கு உங்கள் நண்பர் ஒருவரிடம் கொடுத்து, 'சமைத்துப் பார்' என்று சொல்லுங்கள்.